பேராயரின் நாற்பது கற்கள்

கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சலவைக்கல்லில் எழுத்து வெட்டுகிற உளிக்காரருக்குப் பேராயர் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நேற்று முன்தினம் முளைத்ததல்ல, பத்தொன்பது வருஷம் ஊறியது. அதற்கப்புறம்தான் அவருக்கு மூக்குக்கண்ணாடி வந்தது, முதுகுவலி வந்தது, மருமகன் வந்தான். அதெல்லாம் எப்படியோ பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

பள்ளிக்கூடத்து நூலகத் திறப்பு விழாவில் ஆரம்பித்த கதை அது. பேராயர் பதவிக்கு வந்தபின் அவர் பேரில் புதிதாக வெட்டி வைத்த முதல் கல். திறப்பு விழா என்றால் முறை ஒன்றுதான். கல்லை முன்கூட்டியே சுவரில் பதித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சின்னத் திரை, ஓரத்தில் கயிறு. பேராயர் ஜெபம் பண்ணிவிட்டுக் கயிற்றை இழுப்பார், திரை விலகும், எல்லாரும் கை தட்டுவார்கள். அன்றைக்குப் பேராயர் இழுத்தார், திரை வரவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தார். அதற்கும் வரவில்லை. மூன்றாவது இழுப்பைச் சிரிக்காமல் இழுத்தார். கம்பி, வளையம், திரை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் பிய்த்துக்கொண்டு அவருடைய இரண்டு முனைத் தொப்பியின் மேலேயே விழுந்தன.

திரைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த பேராயர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம உளிக்காரர் வெட்டுற கல்லு ஆயிரம் வருஷம் நிக்கும். அவர் கட்டுற திரைதான் ஆறு நிமிஷம்கூட நிக்காது!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பேராயருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அன்று முதல் ஒவ்வொரு திறப்பு விழாவிலும், திரை ஒழுங்காக விலகின இடத்திலும்கூட, அதையே சொன்னார். "இன்னிக்கு நம்ம உளிக்காரர் திரையை ஒழுங்கா கட்டியிருக்கார், தேவனுக்கு ஸ்தோத்திரம்!" கொல்லென்று சிரிப்பு. உளிக்காரர் கடைசி வரிசையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துத் தொலைப்பார்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர் பதித்த கல் ஒன்றுகூடச் சுவரிலிருந்து கழன்று விழுந்ததில்லை. படிப்பு நான்காம் வகுப்பு. அவரிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதரிடம், வீட்டு முகப்புக்குப் பெயர்க்கல் கேட்டு வருகிறவன் எல்லாம், "நல்லா பிடிக்குமாண்ணே? திரை மாதிரி விட்டுறப் போறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இதில் அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. அன்றைக்குத் திரையை அவர் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார், லேசாக இழுத்தாலே அவிழ்கிற உருவு முடிச்சுப் போட்டு. விழாவுக்கு அரைமணி நேரம் முன்னால், பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார். பேராயர் தனியாக உள்ளே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கயிற்றை அவிழ்த்துத் திரையை விலக்கி, கல்லில் தன் பேரை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலால் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையை முதல்முறை கையில் வாங்குகிற முகம். அப்புறம் திரையை மூடி, பார்சல் கட்டுகிறவன் மாதிரி முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உளிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் பாடகர் குழு வாசலை அடைத்து நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாளுக்கு வாய் உளியைவிடக் கூர்மை.

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். மைக்கை வாங்கி."

"பிஷப் கையிலேருந்து மைக்கை வாங்கினவன் இன்னும் பிறக்கலடி."

"அப்ப வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. தினம் என் தலையில கொட்டாதீங்க."

பேராயர் எப்போதுமே இப்படி இல்லை. மரக்கடையில் எடை எழுதுகிறவரின் மகன். குரல் நன்றாக இருந்தது, ஞாபகசக்தி நன்றாக இருந்தது, குடும்பத்தில் ஒருவனாவது கை அழுக்காகாமல் பிழைக்கட்டும் என்று தகப்பன் இறையியல் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். ஆங்கிலிக்கன் சபையில் உதவிக் குருவாக முதல் நியமனம் கிடைத்தபோது சைக்கிளில், கால்சட்டை விளிம்பில் கிளிப்பு மாட்டிக்கொண்டு, உளிக்காரர் பட்டறைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் செத்துப்போன சுமைதூக்கி ஒருவனுக்குக் கல் வேண்டுமாம். சொந்தம் பந்தம் யாரும் இல்லை. அடக்கத்துக்கும் இவரும் குழி வெட்டினவனும் மட்டும்தான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: செத்தவன் பேர், அதன் கீழே ஒரே வரி, 'இவரையும் ஒருவர் அறிவார்.'

"உங்க பேரு போட வேண்டாமா, தம்பி?" என்று அப்போது உளிக்காரர் கேட்டார். கல் கொடுக்கிறவர்கள் பேரைப் போடுவது வழக்கம்.

"என் பேரு எதுக்குண்ணே? செத்தது அவர்."

இந்த ஆள் தேறுவார் என்று உளிக்காரர் நினைத்தார். தேறினார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சைக்கிள் ஸ்கூட்டரானது. ஸ்கூட்டர் காரானது. கார் கொடி கட்டின காரானது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. உதவிக் குருவாக இருந்தபோது 'நான்' என்று பேசினார். குருவானவர் ஆனதும் 'நாம்' என்றார். பிரதான குருவானபோது 'திருச்சபை எதிர்பார்ப்பது என்னவென்றால்' என்று ஆரம்பித்தார். பேராயரானதும் 'காலம் நம்மைப் பார்த்துக் கேட்கிறது' என்றார். காலம் என்ன கேட்டது என்று கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் புரியவில்லை.

பேராயர் தேர்தலில் அவர் ஜெயித்ததும் தனிக் கதை. மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மொட்டைக் கடிதம் போட்டே தீர்த்துக்கட்டினார்கள். மிஞ்சினவர் இவர். இவர் மேல் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. பன்னிரண்டு கமிட்டியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து எதிலும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பக்கமும் தலையாட்டியிருந்தார். ஆட்டின தலையின் மேல் மூன்று பேராயர்கள் கை வைத்து அவரைப் பேராயராக்கினார்கள். மூன்று பேரும் கனத்த ஆட்கள். அதற்கப்புறம் நாலு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் வீட்டம்மாவே சொன்னார். கழுத்து சரியானதும் ஊதா நிறச் சட்டை வந்தது, ஊதாக் கல் மோதிரம் வந்தது, ஊதா நிறக் காலுறையும் வந்தது. காலுறையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், தேவன் பார்ப்பார் என்றாராம்.

கழுத்து சரியான அதே வாரம் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"என்ன உளி, நல்லா இருக்கியா?"

'அண்ணே' என்று கூப்பிட்ட வாய் அது. உளிக்காரர் எழுந்து நின்று கையைத் துடைத்தார்.

"இருக்கேன் ஐயா."

"பழைய பிஷப் ஐயா பேருல பதினோரு கல்லு இருக்கே, பாத்திருக்கியா?"

"நான் வெட்டினதுதானே ஐயா."

"நல்ல கல்லு. அதுக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும்?"

"பின்பக்கம் சும்மாத்தான் இருக்கும். சிமெண்டைச் சுரண்டித் தேய்ச்சா மழமழன்னு வந்துரும்."

"அப்ப திருப்பிப் போடலாம்."

உளிக்காரர் தலையைச் சொறிந்தார். "திருப்பலாம். ஆனா ஐயா, அந்தக் கட்டடமெல்லாம் அவர் காலத்துல கட்டினது..."

"வெள்ளையடிக்கப் போறோமில்ல? புதுப்பிச்சது யாரு? நாம. கல்லும் தேவனுடைய படைப்பு, உளி. அதோட பின்பக்கமும் அவர் படைச்சதுதான். அதைச் சும்மா சுவத்துக்குள்ள போட்டு வீணாக்கலாமா?"

வேதத்தில் இதற்கு ஒரு வசனம் இருக்கும்போல என்று நினைத்து உளிக்காரர் பதினொன்றையும் கழற்றித் திருப்பினார். பழையவர் பேர் சுவருக்குள் போயிற்று. புதியவர் பேர் வெளியே வந்தது.

அப்புறம் புதுக் கற்கள். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் பேர் இல்லாத சுவர் அவர் ஆளுகைக்கு உட்பட்ட திருமண்டலத்தில் அபூர்வம். நூலகத்துக்கு வைத்தார், நியாயம். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு வைத்தார், போகட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு வைத்தார். தண்ணீர் குளிரவைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு வைத்தார். இயந்திரத்தைவிடக் கல் பெரியது. பேராலயத்து வாசலில் மூன்றாவது படி உடைந்து அதைப் பூசினதற்கு வைத்தார். படியில் ஏறுகிறவர்கள் குனிந்து வாசிக்க வேண்டும், வாசித்தால் நாலாவது படியில் தடுக்கும். பையன்கள் கழிப்பறைக்கும் கல் வந்தது. எல்லாக் கல்லிலும் முதல் வரி 'தேவனுடைய மகிமைக்கென்று' என்பதுதான். கழிப்பறைக் கல்லுக்கும் அதுவே தாளில் எழுதி வந்தது.

"ஐயா, இதுக்கும் இந்த முதல் வரி வேணுமா?"

"ஏன், அங்க தேவன் இல்லையா?"

உளிக்காரர் உளியை எடுத்தார். இன்னொரு சங்கடமும் இருந்தது. 'அதி வணக்கத்துக்குரிய' என்று ஆரம்பித்துப் பட்டம், பதவி, பேர், மறுபடி பட்டம் எல்லாம் வெட்டி முடித்தபோது கல்லில் இடம் தீர்ந்துவிட்டது. எது திறந்து வைக்கப்பட்டது என்று சொல்ல இடமில்லை. பேராயர் தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"பரவால்ல. உள்ளே போறவனுக்குத் தெரியும்."

கல்லின் மேல் அவருக்கு இருந்த பயபக்தியைச் சொல்ல மண்டபக் கதை ஒன்றே போதும். சபை மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திறப்புத் தேதியை மூன்று மாதம் முன்னாலேயே கல்லில் வெட்டச் சொன்னார். தேதி நெருங்கியது, கூரை நெருங்கவில்லை. கட்டடம் கட்டுகிற மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"ஐயா, இன்னும் ஒரு மாசம் குடுங்க. தேதியை மாத்திக்கலாம்."

"தேதி கல்லுல இருக்குய்யா."

"கூரை இல்லையே ஐயா."

"கூரை வரும். கல்லுல வெட்டினதை அழிக்க முடியுமா? உளிகிட்ட கேளு."

கூரை இல்லாத மண்டபத்தைத் திறந்தார். ஜெபத்தின் நடுவிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாற்காலிகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். பிரதான குரு ஒருவர் பேராயருடைய தொப்பி நனையாமல் குடை பிடித்தார். குடைக்கு வெளியே நின்று தான் தொப்பலாக நனைந்தார். அந்த மழையிலும் பேராயர் உளிக்காரரின் திரையைப் பற்றின வேடிக்கையைச் சொல்லாமல் விடவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கல் வெட்டுகிற நாளில் மட்டும் அவர் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்காருவார். சட்டையில் வெள்ளைத் தூசி படியும், தட்டிவிட மாட்டார். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, வெட்டின எழுத்துக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு தடவை, கேட்காமலே சொன்னார்:

"நாள் பூரா பேசுறேன்யா. பேசி முடிச்சுத் திரும்பிப் பாத்தா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஏதோ நடக்குதுன்னு தோணுது."

அன்றைக்கு மட்டும் உளிக்காரருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மறுநாள் திறப்பு விழாவில் வழக்கம்போல வந்துவிட்டது.

அறுபத்தேழு வயதில் ஓய்வு. பதினோரு பேர் புகழ்ந்து பேசினார்கள். பன்னிரண்டாவதாக அவரே பேசினார். அடுத்த பேராயராக வந்தவர் வேறு யாருமில்லை, மழையில் குடை பிடித்த அதே பிரதான குருதான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொடி கட்டின கார் பட்டறை வாசலில் நின்றது.

"அந்தக் கல்லுங்க இருக்கே, நல்ல கல்லு. பின்பக்கம் எப்படி?" என்றார் புதியவர்.

உளிக்காரர் உளியைக் கீழே வைத்தார்.

"கல்லும் தேவனுடைய படைப்புதான். பின்பக்கத்தை வீணாக்கலாமா?"

வசனத்தைக்கூடக் குடையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார் என்று உளிக்காரர் நினைத்துக்கொண்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நூலகத்துக் கல்லைத்தான் முதலில் கழற்றினார், அந்தத் திரைக் கல்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடினது உண்மை. அத்தனை வருஷத்து மனத்தாங்கலில் பாதிக்கு மேல் அன்றைக்கே ஆறிவிட்டதுபோல் இருந்தது. இரண்டாவது கல்லிலும் கொஞ்சம் குளிர்ந்தது. ஆறாவது ஏழாவதுக்கு வெறும் வேலையாகிவிட்டது. பத்துக்கு மேல் போனபோது, கல்லைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

ஓய்வு பெற்றவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. கீழ்வீட்டுக்காரி, "மூணாம் நம்பர் சார், தண்ணி மோட்டாரை நிறுத்துங்க" என்று மாடியைப் பார்த்துக் கத்துவாள். பதினாறு வருஷம் 'காலம் கேட்கிறது' என்று பேசினவர் இறங்கிப் போய் மோட்டாரை நிறுத்துவார், ஊதாக் காலுறையோடு. சாயங்காலமானால் நடக்கப் புறப்படுவார். மற்றவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுபோல் இவர் தன் கற்களைப் பார்க்கப் போவார். ஒரு நாள் நூலகத்து முன்னால் போய் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்த நாள் சைக்கிள் கொட்டகை. அதற்கடுத்த நாள் மண்டபம். அதற்குப் பின் அவர் நடக்கப் போகவில்லை. கால் வீங்கியது. சிறுநீரகம் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை உளிக்காரருக்குப் பேராயர் வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஐயா உங்களைப் பாக்கணுங்கறார். இன்னிக்கே வந்தா நல்லது."

"என்ன விஷயம்மா?"

"தெரியல. கல்லு, கல்லுன்னுதான் முனகிட்டு இருக்கார்."

உளிக்காரர் போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி?"

"கேக்கப்போறார்டி. எவன்டா என் கல்லைத் திருப்புனதுன்னு கேக்கப்போறார்."

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"இந்த ஊர்ல எழுத்து வெட்டுறவன் நான் ஒருத்தன்தான். தெரியாதுன்னா நம்புறதுக்கு அவர் என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்ப ஆமான்னு சொல்லுங்க. அவரு சொல்லித்தானே முந்தி பதினொன்னைத் திருப்புனீங்க? அப்ப இனிச்சது, இப்பக் கசக்குதா அவருக்கு?"

"சாகக் கிடக்கிறவர்கிட்ட இதைச் சொல்லவா?"

"சாகக் கிடக்கிறவர்கிட்ட பொய்தான் சொல்லணும்னு யாரு சொன்னா? சட்டையை மாத்துங்க, தூசி."

சட்டையை மாற்றிக்கொண்டு போய் மாடி ஏறினார். அறையில் ஜன்னலோரம் கட்டில். மேஜை மேல் மாத்திரைப் பட்டைகள், ஒரு தண்ணீர்க் கூஜா, தடித்த ஜெபப்புத்தகம். கட்டிலில் கிடந்தது பாதிப் பேராயர்தான். கன்னம் வற்றியிருந்தது. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றியிருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் மட்டும் இரண்டு மடங்கு வீங்கி, அதன்மேல் ஊதாக் காலுறை பாதிதான் ஏறியிருந்தது.

"உக்காரு, உளி."

உட்கார்ந்தார். வீட்டம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

"என் கல்லையெல்லாம் திருப்பிப் போட்டிருக்கானே, அந்தப் படுபாவி எவன்?"

உளிக்காரர் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

"நான்தான் ஐயா."

ஜன்னலுக்கு வெளியே கீழ்வீட்டுக்காரி யாரிடமோ மோட்டாரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். பேராயர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கிடந்தார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "எழுத்தைப் பாத்தா தெரியாதா? நாப்பது கல்லு நகத்தை விட்டுப் பாத்தவன்யா நான். நீ சொல்லுறியா இல்லையான்னு பாத்தேன்."

அதைக் கேட்டதும் உளிக்காரருக்குள் எதுவோ பொத்துக்கொண்டது. சாகக் கிடக்கிறவர் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"நானும் ஒண்ணு பாத்தேன் ஐயா. நூலகத் திறப்பு அன்னிக்கு. ஜன்னல் வழியா. திரையை அவுத்துப் பாத்துட்டு நீங்கதான் முடிச்சுப் போட்டீங்க. பல்லால கடிச்சாலும் அவுக்க முடியாத முடிச்சு. பத்தொன்பது வருஷமா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது."

"பாத்தியா?" பேராயர் முகத்தில் வெட்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது. "பாத்துட்டும் சொல்லலையா?"

"யாருகிட்டப் போய்ச் சொல்ல? நீங்க ஏன் ஐயா சொல்லல?"

பேராயர் மெதுவாக மூச்சு விட்டார்.

"முதல் தடவை பயந்துபோய்ச் சொன்னேன். ஜனங்க சிரிச்சாங்க. என் பிரசங்கத்துல அதுவரைக்கும் யாரும் முழிச்சிருந்து நான் பாத்ததில்ல, உளி. ஒரு வேடிக்கைக்கு அத்தனை பேரும் முழிச்சிருந்தாங்க. அதை எப்படி விடுறது?"

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இதற்குப் பின்னால் வரும் என்று உளிக்காரர் காத்திருந்தார். ஆயிரக்கணக்கான பேருக்குப் பாவமன்னிப்பை வாசித்துக் கொடுத்தவர். அந்த வார்த்தை அவர் நாக்கில் எப்போதும் தயாராக இருப்பது. வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

"எத்தனை திருப்பியாச்சு?"

"பதினெட்டு."

"மிச்சம் இருபத்திரண்டா?"

"அதுல பதினொன்னு பழைய பிஷப் ஐயா கல்லு. அதுக்குப் பின்னாடி அவர் பேரு இருந்த பக்கம். அதுல இனி எழுத்து வெட்ட முடியாது. அதனால அதைப் புதுசா வந்தவர் தொட மாட்டார்."

பேராயருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் உடம்பு குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அப்ப நான் திருடினது மட்டும்தான் நிலைக்குது."

"கழிப்பறைக் கல்லும் இருக்கு ஐயா."

"அதை ஏன் விட்டுட்டான்?"

"அது அவருக்கு வேண்டாமாம்."

இந்த முறை நிச்சயமாகச் சிரிப்புதான். சிரித்து முடித்து, தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினார். உளிக்காரர் கூஜாவிலிருந்து ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தார். அந்தத் தலை ஒன்றும் கனக்கவில்லை.

"அது போக பத்து இருக்கு" என்றார் பேராயர்.

"இருக்கு. அடுத்த வாரம் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார்."

"திருப்பும்போது என் பக்கத்தை என்ன பண்ணுற? பேரு இருக்கிற பக்கத்தை?"

உளிக்காரர் சொல்லத் தயங்கினார். பொய் சொல்கிற கட்டம் தாண்டிவிட்டது.

"கொத்தணும் ஐயா. பொளிஞ்சு விட்டு மேடு பள்ளம் ஆக்குனாத்தான் சிமெண்டு பிடிக்கும்."

"பதினெட்டையும் கொத்திட்டியா?"

"ஆமா."

"எழுத்து தெரியாத அளவுக்கா?"

"தெரியாது ஐயா."

பேராயர் கண்ணை மூடினார். மூடின கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காது மடலில் தங்கியது. உளிக்காரர் அதைத் துடைக்கலாமா என்று யோசித்தார். துடைக்கவில்லை.

கண்ணைத் திறக்காமலே பேராயர் சொன்னார்: "இந்தப் பத்தையும் கொத்தாத."

"கொத்தாம எப்படி ஐயா?"

"அப்படியே திருப்பி வை. அவன் பேரு வெளிய இருக்கட்டும். என் பேரு சுவத்தைப் பாத்துக்கிட்டு உள்ள முழுசா இருக்கட்டும். ஒருத்தரும் பாக்க வேண்டாம். இருந்தாப் போதும்."

"மழமழப்புல சிமெண்டு பிடிக்காது ஐயா. இப்ப நிக்கிற மாதிரி நிக்கும். நாலு வருஷம், அஞ்சு வருஷம். அப்புறம் கழண்டு விழுந்துரும்."

"விழுமா?"

"விழும். குப்புறத்தான் விழும்."

"விழுந்தா எந்தப் பக்கம் தெரியும்?"

உளிக்காரர் அந்த முகத்தையே பார்த்தார். வற்றின கன்னத்தில், நூலகத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்த அதே களை வந்து உட்கார்ந்திருந்தது.

"ஐயா, நான் பதிச்ச கல்லு இதுவரைக்கும் ஒண்ணுகூட விழுந்ததில்ல. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"தெரியும்யா. அதனாலதான் உன்கிட்டக் கேக்கறேன். வேற எவன் பதிச்சாலும் புதுசா வந்தவன் சந்தேகப்படுவான்." பேராயர் கையை நீட்டினார். நூல் சுற்றின மோதிரம் உளிக்காரருடைய காய்ப்பேறின விரல்களில் உரசியது. "பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைங்கள்லாம் போனப்புறம் விழணும்னு நான் ஜெபம் பண்ணிக்கிறேன். அது என் பொறுப்பு. நீ கொத்தாத, உளி. கொத்தாம வை."